மறுமொழி: 'மிட்ஸ்ட்ரீம் யூரின்' – 'நடுநீர்' எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சிறுநீர்ப் பாதைத் தொற்று பற்றி நோயாளிகளுக்காக நாம் தமிழில் எழுதும் கையேட்டின் சொற்களில் பெரும்பாலானவை முடிவாகிவிட்டன. சிறுநீர்ப்பை அழற்சியையும் சிறுநீரக அழற்சியையும் பிரித்தே எழுத வேண்டும் என்று மருத்துவர் ஐயா வற்புறுத்தியது மிகவும் சரி. எரிச்சலும் அடிக்கடி நீர் பிரிதலும் மட்டும் உள்ளவருக்குத் தரும் மருந்து, குளிர்காய்ச்சலும் விலாவலியுமாக வருபவருக்குப் போதாமல் போகலாம். நைட்ரோஃபியூரன்டாயின் என்ற ஆன்ட்டிபயாடிக் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நன்றாகக் கேட்கும். சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது. இரண்டையும் 'சிறுநீரகத் தொற்று' என்று ஒன்றாக்கி எழுதும் பழக்கத்தை நாமாவது விட்டுவிடுவோம்.

நம் விவாத இழை நின்றுபோயிருப்பது 'மிட்ஸ்ட்ரீம் யூரின்' என்ற ஒரே இடத்தில்தான். தொடக்கத்தில் வருவதையும் முடிவில் வருவதையும் விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் பரிசோதனைக்குப் பிடிக்கும் சிறுநீர் அது. அப்படியே தமிழ் எழுத்தில் போட்டுவிடலாம், 'கல்ச்சர்' (மாதிரியிலுள்ள கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பது) என்பதை அப்படித்தானே வைத்திருக்கிறோம் என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. கல்ச்சர் எங்கள் பரிசோதனைக்கூடத்துக்குள் நடக்கும் வேலை. அதற்கு எந்தப் பெயர் இருந்தாலும் தட்டில் கிருமி வளரும். இதுவோ நோயாளியே தன் கையால் செய்ய வேண்டியது. கழிப்பறைக் கதவைச் சாத்திய பிறகு அவருக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. உள்ளே அவரோடு போவது அந்தச் சொல் மட்டும்தான். ஆகவே அந்தச் சொல்லே செய்முறையைச் சொல்ல வேண்டும்.

தருமபுரியில் மாதிரி வாங்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவள் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். பெண்களுக்குச் சிறுநீர் வடிகுழாய் (சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் உடலின் வழி) ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நீளம்தான். ஆண்களுக்கு ஏறக்குறைய 20. குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா சிறுநீர்ப்பைக்குள் ஏறப் பெண்களுக்கு வழி அவ்வளவு குறுகியது. பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தத் தொற்று வருகிறது. பாலக்கோட்டுத் தக்காளிக் காட்டிலும் ஓசூர் பக்கத்து ரோஜாக் குடில்களிலும் வேலை செய்யும் பெண்கள், ஒதுங்க இடமில்லை என்று பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், வந்ததை அடக்கிக்கொள்வதும் நிலைமையை மோசமாக்குகின்றன. அப்படி வருகிறவர்களிடம்தான் நாங்கள் மாதிரி கேட்கிறோம். வெளியே வரும் முதல் சிறுநீர், வடிகுழாயின் வாயிலும் தோலிலும் சாதாரணமாகவே இருக்கும் கிருமிகளை அடித்துக்கொண்டு வருகிறது. அதைப் பிடித்துத் தந்தால் தட்டில் நாலு வகைக் கிருமி முளைக்கும். எது நோய்க்கிருமி, எது தோலில் இருந்தது என்று பிரிக்க முடியாது. 'கலப்பு மாதிரி, மறுபடியும் தேவை' என்று அறிக்கை போகும். அதற்குள் ஒரு நாளோ இரண்டு நாளோ கழிந்திருக்கும். ஏரியூரிலிருந்து வந்தவர் இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு மறுபடியும் பஸ் ஏற வேண்டும். அதைவிடக் கெடுதல், கலப்பில் வளர்ந்ததையே நோய் என்று எடுத்துக்கொண்டு தேவையில்லாத ஆன்ட்டிபயாடிக் எழுதப்படுவது. ஒரு மில்லி லிட்டரில் 1,00,000 காலனி (தட்டில் வளரும் கிருமிக் கூட்டம்) இருந்தால் தொற்று என்று அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் காஸ் 1950களில் வகுத்த எல்லைக்கோடும், அறிகுறி உள்ள பெண்களுக்கு அதற்குக் கீழான எண்ணிக்கையும் பொருள்படும் என்ற பிந்தைய தெளிவும், மாதிரி ஒழுங்காக இருந்தால்தான் உதவும்.

இப்போது எங்கள் பக்கம் புழங்கும் தமிழ் வாசகம் எது தெரியுமா? 'காலையில் முதல் சிறுநீர் பிடித்து வாருங்கள்.' சொல்பவர் நினைப்பது, இரவெல்லாம் சிறுநீர்ப்பையில் தங்கி, கிருமி பெருகியிருக்கும் விடியற்காலைச் சிறுநீரை. கேட்பவர் புரிந்துகொள்வது, போகத் தொடங்கும்போது வரும் முதல் பகுதியை. காரிமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, பழைய டானிக் பாட்டிலை வெந்நீரில் அலசி, மூடிக்கு மேல் பாலித்தீன் தாளைச் சுற்றி ரப்பர் பாண்டு போட்டு, மஞ்சள் பைக்குள் நிமிர்த்தி வைத்துக் கொண்டுவந்தார். அவ்வளவு கவனம். எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டபோது, "முதலில் வந்ததைத்தான் பிடித்தேன் பாப்பா, பின்னால் வந்ததை விட்டுவிட்டேன், நீங்கள் அப்படித்தானே சொன்னீர்கள்?" என்றார். அவர் சொன்னபடிதான் செய்திருக்கிறார். பழுது வாசகத்தில் இருந்தது.

இனி முன்மொழியப்பட்ட சொற்களுக்கு வருகிறேன்.

'நடுத்தாரை' பொருளில் மிகவும் நெருக்கமானது. எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் பழைய மருத்துவ நூல்களில் 'மூத்திரத்தாரை' என்பது சிறுநீர் வழியையே குறித்திருக்கிறது. நடுத்தாரை என்றால் நடுவில் உள்ள குழாய் என்று படிக்க இடமுண்டு. உறுப்பின் பெயரோடு மோதும் சொல்லை மருத்துவக் கையேட்டில் வைக்கக் கூடாது. 'மத்தியச் சிறுநீர்' வடசொல் என்பதற்காக நான் தள்ளவில்லை. 'மத்திய' என்றால் இன்று மக்கள் காதில் விழுவது தில்லிதான்.

யாழ்ப்பாணத்து அண்ணன் தந்த 'இடைநீர்' அழகான சொல். ஒரே ஒரு காரணத்தால் அதை விட வேண்டும் என்கிறேன். இடைவேளை, இடைநிறுத்தம், இடைநிற்றல் என்று 'இடை' வரும் இடமெல்லாம் ஒரு நிற்றல் தொனிக்கிறது. நோயாளி செய்யக் கூடாதது அதுதான். கொஞ்சம் போய், நிறுத்தி, டப்பாவை எடுத்து, மறுபடியும் தொடங்கக் கூடாது. ஓட்டம் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும்போதே டப்பாவைக் குறுக்கே நீட்டிப் பிடிக்க வேண்டும். 'நடு' என்ற சொல்லில் அந்த நிற்றல் இல்லை. தொடர்ந்து போவதன் மையப் பகுதியை அது காட்டுகிறது.

அதனால் 'நடுநீர்'. இதைத் தனியாகவும் நான் கேட்கவில்லை. தலைநீர், நடுநீர், கடைநீர் என்று மூன்றாகக் கேட்கிறேன். பாரூர் ஏரிப் பாசனத்தில் இருப்பவர்களுக்குத் தலைமடையும் கடைமடையும் அன்றாடச் சொற்கள். மதகைத் திறந்ததும் முதலில் வரும் தண்ணீர் வாய்க்காலில் கிடந்த சருகையும் குப்பையையும் தள்ளிக்கொண்டு வரும், பிறகுதான் தெளியும் என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தலைநீரை விடச் சொல்வதன் காரணம் அதுவேதான். இந்த மூன்றுக்கும் வேறு வேலையும் இருக்கிறது. கிளமிடியா போன்ற பால்வினைத் தொற்றைத் தேடும்போது எங்களுக்கு வேண்டியது தலைநீர்தான், நடுநீர் அல்ல. ரத்தம் தலைநீரில் மட்டும் தெரிந்தால் வடிகுழாயைச் சந்தேகிக்கலாம். கடைநீரில் மட்டும் தெரிந்தால் சிறுநீர்ப்பையின் கழுத்தையோ ஆண்களுக்குப் புராஸ்டேட்டையோ பார்க்க வேண்டும். மூன்று சொற்களிலும் 'முதல்' இல்லை என்பதால் காலை முதல் சிறுநீரோடு வரும் குழப்பமும் ஒழிகிறது. அதை 'விடியல் சிறுநீர்' என்று தனியே எழுதிவிடலாம்.

'நீர்' என்று மட்டும் சொன்னால் சிறுநீர் என்று எப்படித் தெரியும் என்று புலவர் ஐயா கேட்டிருந்தார். நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, நீரடைப்பு, நீரிழிவு எல்லாவற்றிலும் அந்த நீர் சிறுநீர்தான். சித்த மருத்துவர்கள் சிறுநீரின் நிறமும் மணமும் பார்த்து நோயறிவதை 'நீர்க்குறி' என்றே சொன்னார்கள். ஆனால் எங்கள் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு வேறொரு கனமும் உண்டு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்கள் பல. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். 'நீர்ப் பரிசோதனை' என்று பலகையில் எழுதினால் குடத்துத் தண்ணீரோடு வந்து நிற்பார்கள். எனவே தலைப்பில் 'சிறுநீர்ப் பரிசோதனை' என்று முழுதாக எழுதிவிட்டு, உள்ளே 'நடுநீர்' என்று வைப்போம்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள குடும்பங்கள் ஏராளம். கன்னடத்தில் 'நடு' நடுதான், 'நீரு' நீர்தான். தெலுங்கிலும் 'நடும', 'நீரு' என்று அருகிலேயே இருக்கின்றன. தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாத பாட்டிக்குப் பேத்தி படித்துக் காட்டினாலும் காதில் பொருள் ஏறிவிடும்.

கையேட்டில் நான் எழுதியிருக்கும் பத்தி இது. திருத்தித் தாருங்கள்:

"கையைக் கழுவுங்கள். பெண்கள் பிறப்புறுப்பை வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். டெட்டால் முதலியவை வேண்டாம், அவை மாதிரியில் கலந்தால் கிருமி தட்டில் வளராது. தலைநீரைக் கழிப்பறையில் விடுங்கள். நிறுத்தாமல், நாங்கள் கொடுத்த டப்பாவில் நடுநீரைப் பிடியுங்கள். டப்பாவின் உட்புறத்தைத் தொடாதீர்கள். கடைநீரை மறுபடியும் கழிப்பறையில் விட்டுவிடுங்கள். மூடியை இறுக்கி, இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேருங்கள். முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வையுங்கள். ஆன்ட்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே மாதிரி கொடுங்கள்."

'டப்பா' என்பதற்குக் 'கலன்' என்று போட வேண்டும் என்று யாரும் கேட்டுவிட வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். எங்கள் மேசையில் எல்லோரும் டப்பா என்றுதான் கேட்கிறார்கள்.

தீராமல் நிற்பது ஒன்று. சிறுநீர் வெளியேறக் குழாய் போட்டுப் படுத்திருப்பவரிடம் தலை, நடு, கடை எதுவும் கிடையாது. அவருக்குக் குழாயோடு மாட்டிய பையில் சேர்ந்திருப்பதை எடுக்கக் கூடாது. குழாயின் மாதிரித் துளையைத் துடைத்துவிட்டு ஊசியால் உறிஞ்சி எடுக்க வேண்டும். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் பலர் பையைத் திறந்து ஊற்றிக்கொண்டு வருகிறார்கள். இதற்கும் ஒரு சொல் வேண்டும். 'குழாய்நீர்' என்று வைக்க முடியாது. அது தெருக்குழாயில் வருவது. 'உறிநீர்' என்று ஒன்று தோன்றியது, ஆனால் எனக்கே நிறைவில்லை. செவிலியராக இருக்கும் அக்காமார் யாராவது, வார்டில் நீங்கள் என்ன சொல்லிக் கேட்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து