வீட்டிலேயே ரைபிள் கட்டுவது: அமெரிக்கச் சட்டம் எங்கெல்லாம் குறுக்கே வரும்?

கடைசல்காரன் (கேள்வி)

வணக்கம். எச்-1பி விசாவில் டெக்சஸில் பணிபுரிகிறேன். பத்தாண்டுகளாக ஒரு லேத்தும் சிறிய மில்லிங் எந்திரமும் வைத்துக்கொண்டு நீராவி எஞ்சின் மாதிரிகளைக் கடைந்து வருபவன் என்பதால், நுட்பமான பொருத்தங்கள் உள்ள எந்த எந்திரத்தைப் பார்த்தாலும் அதை ஒருமுறை என் கையால் சேர்த்துப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. இப்போது அந்த ஆசை ஏஆர்-15 வகை ரைபிள் ஒன்றின் மீது வந்து நிற்கிறது. குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கு மட்டுமே; விற்கும் எண்ணம் அறவே இல்லை.

செய்முறை பற்றி நான் கேட்கவில்லை, சட்டம் பற்றித்தான் ஐயம். சொந்த உபயோகத்துக்காக ஒருவர் துப்பாக்கி செய்துகொள்ள உரிமம் தேவையில்லை என்று பல இடங்களில் படித்தேன். அது எந்த அளவுக்கு உண்மை? வரிசை எண் பொறிக்க வேண்டுமா? ‘எண்பது சதவீத ரிசீவர்’ (ரிசீவர் என்பது விசைத் தொகுதி முதலியவற்றைத் தாங்கும் உடல் பாகம்) என்ற பெயரில் விற்கப்படும் முடிவுறாத பாகத்தை வாங்கினால் படிவம் எதுவும் நிரப்ப வேண்டியதில்லை என்கிறார்களே, அது இன்றும் செல்லுமா? கடையில் என் விசாவைக் காரணம் காட்டி மறுத்தால், அமெரிக்கக் குடியுரிமை பெற்ற என் மைத்துனர் ரிசீவரைத் தம் பெயரில் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அதில் தவறு உண்டா? அடுத்த ஆண்டு வேலை கலிஃபோர்னியாவுக்கு மாறக்கூடும். என்றாவது ஊர் திரும்பும்போது இதை உதிரி பாகங்களாகவேனும் இந்தியாவுக்குக் கொண்டு செல்ல முடியுமா என்ற கேள்வியும் மனத்தில் இருக்கிறது.

நெடுந்தூரக்குறி

நீங்கள் படித்தது கூட்டாட்சிச் சட்டத்தைப் பொறுத்தவரை உண்மைதான். 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் துப்பாக்கி செய்வதைத் தொழிலாக நடத்துபவரிடம்தான் உரிமம் கேட்கிறது. தாமே வைத்துக்கொள்வதற்காக ஒன்றைச் செய்துகொள்ளும் தனிமனிதரிடம் கேட்பதில்லை. அப்படிச் செய்த துப்பாக்கிக்கு வரிசை எண் பொறிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்லவில்லை. ஆயினும் துப்பாக்கிச் சட்டங்களை நடைமுறைப்படுத்தும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப், எண் பொறித்து வைக்குமாறு பரிந்துரைக்கிறது; திருட்டுப் போனால் புகாரில் எழுத ஓர் அடையாளமாவது வேண்டும் அல்லவா? பின்னாளில் மனம் மாறி அதை விற்பதும் குற்றமாகாது. விற்பதற்கென்றே செய்வதுதான் குற்றம். இந்த வேறுபாடு உங்கள் மனத்தில் இருந்த நோக்கத்தைச் சார்ந்தது என்பதால், ஆண்டுக்கு மூன்று நான்கு கட்டி ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருப்பவர் தம் நோக்கத்தை விளக்குவதற்குச் சிரமப்படுவார்.

சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பது எது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். குழல், தோளில் பதியும் கட்டை, விசைத் தொகுதி ஆகியவற்றைச் சாதாரணப் பொருள்களைப் போல அஞ்சலில் வரவழைக்கலாம். ஏஆர் வகையில் லோயர் ரிசீவர் என்னும் அந்த ஒரு பாகம் மட்டும் தனியாகக் கிடந்தாலும் முழுத் துப்பாக்கியாகக் கருதப்படும். ஆகவே அதை உரிமம் பெற்ற வணிகரிடம் படிவம் 4473-ஐ நிரப்பி, பின்புலச் சோதனைக்கு உட்பட்டுத்தான் வாங்க வேண்டும். வெறும் ரிசீவர் இன்னும் ரைபிளாக உருப்பெறவில்லை என்பதால், 18 வயதில் வாங்கக்கூடிய ரைபிளைப் போலன்றி, வணிகர் அதை 21 வயது நிரம்பியவருக்கே விற்கலாம்.

‘எண்பது சதவீதம்’ என்பது சட்டச் சொல் அன்று, விற்பனையாளர்கள் சூட்டிக்கொண்ட பெயர். எவ்வளவு வேலை மிச்சமிருந்தால் அது வெறும் உலோகத் துண்டு, எவ்வளவு முடிந்தால் அது ரிசீவர் என்பதில் நெடுநாள் சர்ச்சை இருந்தது. 2022 ஆகஸ்ட் 24 முதல் நடைமுறைக்கு வந்த ஏடிஎஃப் விதி, எளிதில் முடிக்கத்தக்க பாகங்களையும் முழுத் தொகுப்புப் பெட்டிகளையும் துப்பாக்கி என்னும் வரையறைக்குள் கொண்டுவந்தது. அந்த விதி ஒட்டுமொத்தமாகவே செல்லாது என்று தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 26 அன்று ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் நிராகரித்தது. முடிவுறாத பாகம் ஒவ்வொன்றும் துப்பாக்கி என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. சில அந்த வரையறைக்குள் வரக்கூடும் என்று சொன்னது. எந்தப் பக்கம் விழும் என்பதைச் சோதித்துப் பார்க்கும் ஆளாக நீங்கள் இருக்க வேண்டாம் என்பதே என் எண்ணம். எண் பொறித்த ரிசீவரின் விலை, அந்தத் தலைவலியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

பொழுதுபோக்காகக் கட்டுபவர்கள் தெரியாமலே இடறி விழும் இடம் நீளம். குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, முழு ரைபிள் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, அது 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்ய வேண்டிய குறுங்குழல் ரைபிளாகிவிடும். குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டை மூடிவைத்து, அதன் முகத்திலிருந்து குழல் வாய் வரை அளப்பார்கள். வாயில் திருகி மாட்டிய பாகம், நிரந்தரமாக ஒட்டவைக்கப்பட்டிருந்தால்தான் கணக்கில் சேரும். அத்தகைய ரைபிளைச் செய்ய விரும்பினால் அதற்கான விண்ணப்பமான படிவம் 1-ஐ அனுப்பி, ஒப்புதல் கைக்கு வந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். 1934 முதல் மாறாமல் இருந்த 200 டாலர் வரி, குறுங்குழல் ரைபிள்களுக்கு 2026 ஜனவரி 1 முதல் பூச்சியமாகிவிட்டது. இதைக் கேட்டுப் பதிவும் போய்விட்டது என்று நம்புகிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பதிவு அப்படியே இருக்கிறது.

தனித்தனிப் பாகங்களாக வைத்திருந்தால் குற்றமில்லை என்பதும் அரைகுறை உண்மை. 1992-இல் தாம்ப்சன் சென்டர் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்ததற்குக் காரணம், அதன் பாகங்களைக் கொண்டு சட்டத்துக்கு உட்பட்ட வேறு வடிவங்களையும் அமைக்க முடிந்ததுதான். உங்கள் வீட்டில் ஒரே ஒரு ரிசீவரும் அதற்குப் பொருந்தும் குட்டைக் குழல் ஒன்றும் கட்டையும் மட்டும் இருந்தால் அந்த வாதம் கிடைக்காது.

தொடர்ந்து சுடும் வசதியைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை: 1986 மே 19-க்குப் பிறகு செய்யப்பட்ட எந்திரத் துப்பாக்கியைத் தனியார் வைத்திருக்கவே முடியாது, அப்படி மாற்றுவதற்கென அமைந்த பாகம் தனியே இருந்தாலும் அதுவே எந்திரத் துப்பாக்கியாகக் கணக்கிடப்படும். ஏஆரை விட்டு ஏகே-47 வகையின் பக்கம் ஆசை திரும்பினால் இன்னொரு விதியும் உண்டு. இறக்குமதிக்கு அனுமதியில்லாத வகை அரைத்தானியங்கி (விசையை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு குண்டு மட்டுமே சுடும்) ரைபிளை வெளிநாட்டுப் பாகங்களால் சேர்க்கும்போது, விதியில் பட்டியலிடப்பட்ட 20 பாகங்களில் 10-க்கு மேல் இறக்குமதியானவையாக இருக்கக் கூடாது.

வழக்குக்கட்டு

நெடுந்தூரக்குறி அவர்கள் எழுதியது பயனுள்ள விளக்கம். ஆனால் கேள்வியின் முதல் வரியை அவர் தாண்டிச் சென்றுவிட்டார். எதைக் கட்டுகிறீர்கள் என்பதற்கு முன்பாக, கட்டுகிறவர் யார் என்றுதான் சட்டம் பார்க்கிறது. குடியேற்றம் அல்லாத விசாவில் அனுமதிக்கப்பட்டவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. எச்-1பி, அவர்களுடைய குடும்பத்தினருக்கான எச்-4, மாணவர்களுக்கான எஃப்-1 அனைத்தும் இதில் அடங்கும். இங்கே டெக்சஸ் மாநிலத்தின் தாராளம் உதவாது. உச்சபட்சத் தண்டனை 2022 முதல் 15 ஆண்டுகள். கிரீன் கார்டு பெற்றவருக்கு இத்தடை இல்லை.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் தடை விலகும். துப்பாக்கி வைத்திருக்கும் விசாதாரர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் டெக்சஸின் ஆண்டு வேட்டை உரிமம் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31-உடன் முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால், செப்டம்பர் முதல் நாள் காலையில் நீங்கள் உறங்கிக்கொண்டிருக்கும்போதே அலமாரியில் இருக்கும் ரைபிள் உங்களைக் குற்றவாளியாக்கிவிடும். ஓர் உரிமத்தின் தேதியை நம்பி ஆண்டுக்கணக்கில் துப்பாக்கி வைத்திருப்பது எனக்கு உவப்பான ஏற்பாடு அன்று. சட்டம் அதை அனுமதிக்கிறது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

மைத்துனர் யோசனையைத் தயவுசெய்து இன்றே கைவிடுங்கள். படிவம் 4473-இன் முக்கியமான கேள்விகளில் ஒன்று, உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்பது. உங்களுக்காக வாங்கும் அவர் அங்கே ‘ஆம்’ என்று எழுதிக் கையொப்பமிட்டால் அது பொய்யுரை. 2014-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கொன்றில், ஒருவர் தம் உறவினருக்காகத் துப்பாக்கி வாங்கினார். அந்த உறவினர் தாமே கடைக்குச் சென்று வாங்கத் தகுதியுள்ளவர்தான். அப்படியிருந்தும் வாங்கியவரின் தண்டனை உறுதி செய்யப்பட்டது. உங்களுக்கோ அந்தத் தகுதியும் இல்லை. அன்பளிப்பு என்று சொன்னாலும் தப்பிக்க இயலாது, ஏனெனில் தடை செய்யப்பட்டவர் என்று அறிந்தே ஒருவரிடம் துப்பாக்கியைக் கொடுப்பது தனிக் குற்றம்.

கடைசல்காரன்

இருவருக்கும் மிக்க நன்றி. படித்ததும் சற்று அச்சம் வந்துவிட்டது. சென்ற ஆண்டு நண்பர்களோடு சுடுதளம் ஒன்றுக்குச் சென்று, வாடகைக்குத் துப்பாக்கி எடுத்துச் சுட்டிருக்கிறேன். அது வைத்திருப்பதாகுமா? மேலும், நானும் மைத்துனரும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கிறோம். அவர் தமக்கென்று ஒன்று வாங்கி வைத்தால் எனக்குச் சிக்கல் வருமா?

வழக்குக்கட்டு

கையில் எடுத்துச் சுடுவதும் வைத்திருத்தல்தான். சிறிது நேரமே ஆயினும் அதுவே. கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டதால் விசாத் தகுதியை இழந்த வெளிநாட்டு மாணவர் ஒருவர் சுடுதளத்துக்குச் சென்று சுட்டதிலிருந்து தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தம் தகுதிநிலை அவருக்கே தெரிந்திருந்தது என்பதை அரசு நிறுவ வேண்டும் என்று 2019-இல் நீதிமன்றம் கூறியது. ‘சட்டம் எனக்குத் தெரியாது’ என்ற வாதத்தை அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டதாகப் பலர் தவறாக எண்ணுகிறார்கள்; தம் நிலை இன்னதென்று தெரிந்திருப்பது வேறு, அந்த நிலையில் துப்பாக்கி கூடாது என்று தெரிந்திருப்பது வேறு. துப்பாக்கிக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றால் சிறையோடு முடிவதில்லை. நாடு கடத்தலுக்கு அது தனிக் காரணம், கிரீன் கார்டு இருந்தாலும் பொருந்தும். சென்ற ஆண்டு நடந்ததைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுதாமல், குடியேற்றச் சட்டமும் குற்றவியல் சட்டமும் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் மட்டும் பேசுங்கள்.

மைத்துனர் தமக்கென்று வாங்கலாம். பெட்டகத்தின் சாவியோ எண்ணோ உங்களுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். எடுக்கும் வசதியும் எண்ணமும் உங்களுக்கு இருந்தால், கையில் தொடாவிட்டாலும் வைத்திருப்பதாக வாதிடலாம்.

மேசைவிளக்கு

விடுபட்டவற்றை மட்டும் சொல்கிறேன். நானும் பட்டறை வைத்திருப்பவன் என்பதால் முதலில் எந்திரம் பற்றி. ‘உன் மில்லிங் எந்திரத்தில் என் ரிசீவரை முடித்துக்கொள்ளட்டுமா’ என்று நண்பர்கள் கேட்பார்கள். பொத்தானை அழுத்துவது வாடிக்கையாளர்தானே என்று சொல்லித் தம் எந்திரங்களைத் திறந்துவிட்ட கடைகளைக் கருதி, 2015-இல் ஏடிஎஃப் ஒரு தீர்மானம் வெளியிட்டது: எந்திரம் கடையின் கட்டுப்பாட்டில் இருக்கும்வரை உற்பத்தி செய்வது அந்தக் கடையே, எனவே அதற்கு உற்பத்தி உரிமம் வேண்டும். காசு வாங்காத நண்பருக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நண்பர்கள் செலவுக்கென்று ஏதேனும் கொடுக்கத் தொடங்கும்போது நிலைமை மாறிவிடும்.

கலிஃபோர்னியா முற்றிலும் வேறு உலகம். 2018 ஜூலை 1 முதல், அங்கே ஒருவர் துப்பாக்கி செய்வதற்கு முன்பே மாநில நீதித் துறையிடம் விண்ணப்பித்து எண் பெற வேண்டும்; எண்ணில்லாத துப்பாக்கியோடு குடிவருபவர் 60 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதைவிடப் பெரிய தடை ரைபிளின் வடிவமே. கழற்றி மாட்டும் மேகசினும் (தோட்டாக்கள் அடுக்கும் பெட்டி) கைத்துப்பாக்கி போன்ற பிடியும் உள்ள அரைத்தானியங்கி ரைபிள், அதாவது வழக்கமான ஏஆர், அங்கே தாக்குதல் ஆயுதம் என்ற வகைக்குள் வந்துவிடும். அதை அப்படியே எல்லை தாண்டிக் கொண்டுபோக இயலாது. 2022-இல் வந்த சட்டம் ஒன்று, துப்பாக்கி செய்வதையே முதன்மைப் பணியாகக் கொண்ட, கணினியால் இயங்கும் சிஎன்சி எந்திரங்களை உரிமம் இல்லாதவர் வைத்திருப்பதையும் தடுக்கிறது. உங்கள் நீராவி எஞ்சின் பட்டறைக்கு அதனால் ஆபத்தில்லை.

இந்தியா பற்றிய கேள்விக்கு விடை சுருக்கமானது: முடியாது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து ரிசீவரோ குழலோ வெளியேறுவது ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது; பயணப்பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றாலும் அது ஏற்றுமதியே. அங்கே இறங்கினால் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் காத்திருக்கிறது. அச்சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லின் வரையறையே பாகங்களையும், ஆயுதம் செய்வதற்கான எந்திரங்களையும் உள்ளடக்கியது. ஆகவே ‘உதிரி பாகங்கள்தானே’ என்ற வாதத்துக்கு அங்கே இடமே இல்லை. ஐந்தாம் பிரிவின்படி உரிமமின்றி செய்வது மட்டுமல்லாமல், மாற்றி அமைப்பதும் பழுது பார்ப்பதும்கூடக் குற்றங்கள். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றித் துப்பாக்கி செய்வதற்குக் குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் சிறை. சொந்த உபயோகம் என்ற விலக்கு எதுவும் அதில் இல்லை.

கடைசல்காரன்

மைத்துனரிடம் வேண்டாம் என்று இன்று காலையே சொல்லிவிட்டேன். தமக்கென்று ஒன்று வாங்கப் போவதாக அவர் சொல்கிறார். பெட்டகத்தை அவர் அறையில் வைத்துச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்வார். நாளை வழக்கறிஞர் ஒருவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். கிரீன் கார்டு வரும்வரை ரிசீவர் எதையும் வாங்குவதில்லை.