ஸ்விட்ச்சுக்கு 512 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு: எதைப் பார்த்து வாங்குவது?

செங்காந்தள் (கேள்வி)

என்னிடம் இருப்பது நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம் கன்சோலின் ஓஎல்இடி மாடல். உள்ளே இருக்கும் 64 ஜிபி நிரம்பிவிட்டதால் புது கேம் ஏற்ற ஒவ்வொரு முறையும் பழையது ஒன்றை அழிக்க வேண்டியிருக்கிறது. 512 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு போடலாம் என்று பார்த்தால் யூ3, வி30, ஏ2, 200 எம்பி (நொடிக்கு) என்று ஏகப்பட்ட குறியீடுகள். இதில் ஸ்விட்ச்சுக்கு உண்மையிலேயே வேண்டியது எது? ஒரே பிராண்டில் 100 எம்பி கார்டுக்கும் 200 எம்பி கார்டுக்கும் விலை நன்றாகவே தள்ளி இருக்கிறது. அந்தக் கூடுதல் காசுக்கு லோடிங் நேரம் குறையுமா?

போலி கார்டை பேக்கிங் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா என்பதும் தெரிய வேண்டும். கார்டு பாதியில் செத்துப்போனால் சேவ் (கேமில் எதுவரை ஆடினோம் என்ற பதிவு) எல்லாம் போய்விடுமா? பின்னால் ஸ்விட்ச் 2 வாங்கினால் இதே கார்டை அதில் போடலாமா?

நாண்ட்கேட்

200 எம்பிக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். ஸ்விட்ச்சில் அந்த வேகம் வரவே வராது.

முதல் ஸ்விட்ச், லைட், ஓஎல்இடி மூன்றுமே கார்டோடு பேசுவது யூஎச்எஸ்-1 முறையில். அதன் உச்சவரம்பு ஏட்டளவில் நொடிக்கு 104 எம்பி, நடைமுறையில் அதற்கும் கீழே. பெட்டி மேல் போடும் 160, 190, 200 எல்லாம் எஸ்டி தரத்துக்கு வெளியே கார்டு கம்பெனிகள் தாங்களாகச் சேர்த்த ஒரு மோடில் வருபவை. அதற்கு ஒத்துப்போகும் ரீடர் இருந்தால்தான் அந்த எண் கண்ணில் படும். நிண்டெண்டோ பரிந்துரைப்பது யூஎச்எஸ்-1, படிக்கும் வேகம் 60 முதல் 95 எம்பி, அவ்வளவுதான். 100 எம்பி என்று போட்ட நல்ல கார்டே அதற்குத் தாராளம். யூஎச்எஸ்-2 கார்டு போட்டாலும் ஓடும், ஆனால் அதன் பின்புறத்தில் கூடுதலாக இருக்கும் இரண்டாவது வரிசை முனைகளைத் தொடுவதற்கு ஸ்லாட்டில் எதிர்முனை கிடையாது. காசு வீண்.

யூ1, யூ3, வி30 இவையெல்லாம் தொடர்ச்சியாக எழுதும்போது வேகம் எவ்வளவுக்குக் கீழே போகாது என்பதற்கான உறுதி. யூ1 என்றால் 10 எம்பி, யூ3யும் வி30யும் 30 எம்பி. வீடியோ எடுக்கும் கேமராவுக்கு அது முக்கியம். கேம் கன்சோல் கார்டில் பெரிதாக எழுதுவது டவுன்லோடு நடக்கும்போது மட்டும், அங்கே உங்கள் இணைய வேகம்தான் பெரும்பாலும் முட்டுக்கட்டை.

ஏ1, ஏ2 கொஞ்சம் பொருத்தமான குறியீடு. சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளைப் படிக்கும் திறனைச் சொல்வது அது. ஏ1 என்றால் நொடிக்குக் குறைந்தது 1500 முறை படிப்பது, 500 முறை எழுதுவது. ஏ2 என்றால் 4000, 2000. ஆனால் ஏ2வின் பலன் கிடைக்க, கார்டின் கட்டளை வரிசையையும் கேஷையும் (தற்காலிக நினைவகம்) கருவி பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வரையறை வெளியானதே 2017 தொடக்கத்தில், ஸ்விட்ச் கடைக்கு வந்த அதே காலத்தில். ஏ1 போதும். ஏ2 அதே விலையில் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள், கெடுதல் ஒன்றுமில்லை.

லோடிங் நேரத்தில் கணிசமான பங்கு கார்டைப் படிப்பதில் போவதில்லை, சுருக்கி வைத்த தரவை சிபியூ விரிப்பதில் போகிறது. அதனால் இரண்டு நல்ல யூஎச்எஸ்-1 கார்டுகளுக்கு நடுவே ஸ்விட்ச்சில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள்.

'ஹை எண்டியூரன்ஸ்' என்று டேஷ்கேமுக்காக (காரில் வைக்கும் கேமரா) விற்கும் கார்டும் தேவையில்லை. அது இரவு பகலாக அழித்து அழித்து எழுதுவதற்கு. கேம் கார்டை ஒரு முறை நிரப்பிவிட்டு ஆயிரம் முறை படிக்கிறோம், படிப்பதால் வரும் தேய்மானம் பொருட்படுத்தும் அளவில் இல்லை.

மின்மினி82

பேக்கிங்கை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அட்டை, ஹோலோகிராம், சீரியல் எண் எல்லாவற்றையும் நகல் எடுக்க முடியும். சோதித்துப் பார்ப்பது ஒன்றே வழி.

போலி கார்டு என்றால் பெரும்பாலும் இப்படி: உள்ளே 32 அல்லது 64 ஜிபி சிப், கார்டை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பின் ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) மட்டும் 512 என்று சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். கம்ப்யூட்டரும் கன்சோலும் கார்டு சொல்வதை அப்படியே நம்பும். ஃபார்மேட் ஆகும், 'கார்டு தயார்' என்று வரும், முதல் இரண்டு மூன்று கேம் அழகாக ஓடும். உண்மைக் கொள்ளளவு தாண்டியதும் எழுதுவது எங்கேயும் போய்ச் சேராது, அல்லது முதலில் எழுதியதன் மேலேயே விழும். ஸ்விட்ச்சில் அது வெளிப்படும் விதத்தைக் கவனியுங்கள். நேற்று வரை ஓடிய கேம் 'தரவு சிதைந்துள்ளது' என்று நிற்கும். அதை மறுபடி டவுன்லோடு செய்தால் இன்னொரு கேம் சிதையும். அதைச் சரிசெய்தால் மூன்றாவது. கன்சோலின் ஸ்லாட் கெட்டுவிட்டது என்று நினைத்து அதை சர்வீஸுக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. முதலில் கார்டைச் சோதியுங்கள்.

விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் (திறந்ததும் ஜெர்மனில் இருக்கும், மேலேயே ஆங்கிலத்துக்கு மாற்றலாம்). லினக்ஸ், மேக் என்றால் எஃப்3. இரண்டும் கார்டு முழுக்க 1 ஜிபி ஃபைல்களாக எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும்.

1. கார்டில் ஏதாவது இருந்தால் வெளியே எடுத்து வைத்துவிட்டு, எக்ஸ்ஃபேட் முறையில் காலியாக ஃபார்மேட் செய்யுங்கள்.
2. எச்2டெஸ்ட்டபிள்யூவில் கார்டைத் தேர்ந்து, 'இருக்கும் இடம் முழுவதும்' என்பதை வைத்து, 'எழுதிச் சரிபார்' என்பதை அழுத்துங்கள். எஃப்3யில் முதலில் எஃப்3ரைட், அது முடிந்ததும் எஃப்3ரீட்.
3. பிழையில்லாமல் முடிந்தது என்று வந்தால் ஃபைல்களை அழித்துவிட்டு கார்டை ஸ்விட்ச்சிலேயே ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள்.

இத்தனை ஜிபி சரி, இத்தனை ஜிபி தரவு தொலைந்தது என்று வந்தால் பேச்சே வேண்டாம், திருப்பிக் கொடுங்கள். 'சரி' என்று வந்த அளவுக்கு மட்டும் பார்ட்டிஷன் போட்டு ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். அந்தச் சிப்பே தரப் பரிசோதனையில் தள்ளியதாக இருக்கும்.

512 ஜிபிக்கு நேரம் பிடிக்கும். 60 எம்பியில் எழுத ஏறக்குறைய 2 மணி 20 நிமிடம், 90 எம்பியில் படிக்க 1 மணி 35 நிமிடம். பொறுமையில்லாமல் 20 ஜிபி மட்டும் சோதித்துவிட்டு நல்ல கார்டு என்று முடிவு செய்வதில் பயனே இல்லை, போலி கார்டும் அந்த 20 ஜிபியைக் கச்சிதமாகத் தேறிவிடும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதனையை முடித்துவிடுங்கள்.

வாங்கும்போது பிராண்டை விட விற்பவர் யார் என்று பாருங்கள். சந்தைத் தளங்களில் நல்ல பிராண்டின் பெயரில், யாரோ மூன்றாம் நபர் விற்கும் பட்டியலில்தான் போலி அதிகம் கலக்கிறது. கார்டு கம்பெனியின் சொந்தக் கடை, அல்லது தளமே நேரடியாக விற்பது பாதுகாப்பு. பேர் தெரியாத பிராண்டில் 2 டிபி கார்டு மலிவாகக் கிடைத்தால் விட்டு விலகுங்கள். நிண்டெண்டோ முத்திரையோடு காளான், நட்சத்திரம் அச்சிட்ட சான்டிஸ்க் கார்டுகளும் வருகின்றன. அவை உரிமம் பெற்றவை, நன்றாகவே ஓடும், ஆனால் படத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

பிக்சல்பாரி

சேவ் பற்றிய பயம் வேண்டாம். ஸ்விட்ச் சேவ் தரவை எப்போதும் கன்சோலின் உள் நினைவகத்தில்தான் வைக்கும், கார்டுக்கு நகர்த்த வழியே கிடையாது. கார்டு செத்தால் போவது கேம் ஃபைல்கள், அப்டேட், டிஎல்சி (கேமுக்கான கூடுதல் உள்ளடக்கம்), அதில் வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட், வீடியோ. கேம்களை நிண்டெண்டோவின் ஆன்லைன் கடையான ஈஷாப்பில் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். ஸ்கிரீன்ஷாட் திரும்பாது, முக்கியமானதை அவ்வப்போது கம்ப்யூட்டருக்கு எடுத்து வையுங்கள். உண்மையில் சேவுக்கு ஆபத்து கன்சோல் கெட்டால்தான், அதற்கு நிண்டெண்டோ ஆன்லைன் சந்தாவில் வரும் கிளவுட் பேக்கப். எல்லா கேமும் அதை ஆதரிப்பதில்லை, ஸ்ப்ளாட்டூன் 2 ஆதரிக்காது.

கார்டு போடும்போது கன்சோல் ஸ்லீப்பில் இருந்தால் போதாது. பவர் பட்டனை 3 விநாடி அழுத்தி, பவர் ஆப்ஷன்ஸ் போய், முழுதாக அணையுங்கள். ஓஎல்இடியில் ஸ்லாட் பின்புற ஸ்டாண்டுக்கு அடியில். எழுத்து உள்ள பக்கம் உங்களைப் பார்க்க, 'கிளிக்' ஆகும் வரை தள்ளுங்கள். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுக்கு முதல் முறை சிஸ்டம் அப்டேட் கேட்கலாம், வைஃபை தயாராக இருக்கட்டும்.

உள்ளே இருக்கும் கேம்களை அழித்துவிட்டு மறுபடி இறக்க வேண்டியதில்லை. சிஸ்டம் செட்டிங்ஸ், டேட்டா மேனேஜ்மென்ட், அதில் கன்சோலுக்கும் கார்டுக்கும் இடையே நகர்த்தும் வசதி 2020 ஏப்ரலில் வந்த 10.0.0 அப்டேட்டிலிருந்து இருக்கிறது. சில அப்டேட் தரவு மட்டும் நகராது.

கார்டு சாகும்போது அடிக்கடி காட்டும் அடையாளம் ஒன்று: அழித்த ஃபைல் கார்டைக் கழற்றி மாட்டினால் திரும்ப வந்து நிற்கும், ஃபார்மேட் 'வெற்றி' என்று சொல்லும் ஆனால் பழைய ஃபைல்கள் அப்படியே இருக்கும். தேய்ந்த இடங்களுக்குப் பதிலாக ஒதுக்கி வைத்த மாற்று பிளாக்குகள் தீர்ந்ததும் கன்ட்ரோலர் தன்னைப் படிக்க மட்டும் என்று பூட்டிக்கொண்டுவிட்டது என்று பொருள். எந்த மென்பொருளாலும் அதைத் திறக்க முடியாது. படிக்கிற வரை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு வாரண்டியில் மாற்றுங்கள். ஒரே ஒரு கேம் மட்டும் தகராறு என்றால் முதலில் ஹோம் திரையில் அந்த கேம் மேல் பிளஸ் பட்டன், மேனேஜ் சாஃப்ட்வேர், அதில் சிதைந்த தரவு சோதனை. பல சமயம் டவுன்லோடு பாதியில் அறுந்ததுதான் காரணமாக இருக்கும்.

பின்னால் பெரிய கார்டுக்கு மாறினால், அதே கன்சோல் என்றால் 'நிண்டெண்டோ' ஃபோல்டரை கம்ப்யூட்டர் வழியாக அப்படியே புதுக் கார்டுக்கு நகலெடுக்கலாம். புதுக் கார்டில் ஏற்கெனவே அந்த ஃபோல்டர் இருந்தால் அதை முதலில் அழியுங்கள், இரண்டு கார்டின் உள்ளடக்கத்தை ஒன்றாகக் கலக்க முடியாது. வேறு கன்சோலில் அந்தத் தரவு ஓடாது.

ஸ்விட்ச் 2 கேள்விக்குப் பதில்: இந்தக் கார்டில் ஸ்விட்ச் 2 கேமை நிறுவ முடியாது. அதற்கு மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கட்டாயம். சாதாரணக் கார்டைப் போட்டால் பழைய ஸ்விட்ச்சின் ஸ்கிரீன்ஷாட், வீடியோக்களை எடுத்துக்கொள்ளலாம், அத்தோடு சரி. எக்ஸ்பிரஸ் கார்டு, கம்ப்யூட்டர் எஸ்எஸ்டிகளில் உள்ள என்விஎம்இ முறையில் நொடிக்கு 985 எம்பி வரை போகக்கூடிய வழியைப் பயன்படுத்துகிறது. கார்டின் மேல் 'இஎக்ஸ்' குறி இருக்கும். யூஎச்எஸ்-2 கார்டிலும் பின்னால் இரண்டு வரிசை முனை இருப்பதால் குழம்பிவிடாதீர்கள், ஸ்விட்ச் 2வில் அது எக்ஸ்பிரஸாக ஓடாது.

இப்போதே எக்ஸ்பிரஸ் கார்டு வாங்கி ஓஎல்இடியில் போட்டால் யூஎச்எஸ்-1 வேகத்தில் ஓடும். ஆனால் விலை இடைவெளி பெரியது, ஸ்விட்ச் 2 உள்ளேயே 256 ஜிபி தருகிறது. இப்போதைக்கு சாதாரண 512 வாங்குங்கள்.

செங்காந்தள்

நன்றி நண்பர்களே. ஏ1, 100 எம்பி கார்டு ஒன்று வாங்கிச் சோதனை ஓட விட்டிருக்கிறேன். இரண்டு விஷயம் உறுத்துகிறது. விண்டோஸ் 476 ஜிபி என்றுதான் காட்டுகிறது. எழுதும் வேகம் 33 எம்பியைத் தாண்டவில்லை, ரீடர் பழையது. போலியா?

மின்மினி82

476 சரியான எண். கார்டு கம்பெனி 1 ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுகிறது, விண்டோஸ் 1024ஐ மூன்று முறை பெருக்கி எண்ணுகிறது. 512ஐ அப்படி மாற்றினால் 476.8. 256 ஜிபி கார்டு 238 என்று காட்டுவதும் இதனால்தான்.

33 எம்பி என்பது யூஎஸ்பி 2.0 ரீடரின் வரம்பு, கார்டின் குறை அல்ல. படிக்கும்போதும் அதே வேகம்தான் வரும். அப்படியென்றால் எழுத 4 மணி 20 நிமிடம், படிக்க இன்னொரு 4 மணிக்கு மேல். கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போகாதபடி அமைத்துவிட்டு இரவில் ஓட விடுங்கள், நடுவில் ரீடர் துண்டித்தால் வரும் பிழையைக் கார்டின் பிழை என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. பிழை வந்தால் உடனே முடிவுக்கு வராமல் வேறு ரீடரில் இன்னொரு முறை ஓட்டுங்கள். தொலைந்த தரவு இரண்டு முறையும் ஒரே இடத்திலிருந்து தொடங்கினால் குற்றம் கார்டில். இடம் மாறி மாறி வந்தால் ரீடரையோ யூஎஸ்பி போர்ட்டையோ மாற்றிப் பாருங்கள்.