மாப்பிள்ளைச் சம்பா கதிர்கள் வேண்டும், டிஎன்ஏ பிரிப்பில் ஒரு சந்தேகமும்

வணக்கம். ஊருக்கு ஊர் இருக்கும் மாப்பிள்ளைச் சம்பா நெல் ஒரே வழி வந்ததா என்று எஸ்எஸ்ஆர் மார்க்கர் (டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளை ஒப்பிடும் அடையாளம்) வைத்துப் பார்க்கிறோம், கல்லூரி மாணவர்கள்.

இதைப் பயிரிடும் விவசாயிகள், வெவ்வேறு செடியிலிருந்து 10 கதிர், தனித்தனிக் காகித உறையில் தாருங்கள். பாலிதீன் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். மொத்தமாக அள்ளிய நெல்லில் கலப்பு தெரியாமல் போய்விடும். விதை யாரிடம் வாங்கியது என்பது முக்கியம்: திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் 2 கிலோ வாங்கி 4 கிலோ திருப்பித் தரும் வழியில் வந்ததென்றால், அது உங்கள் ஊர் விதைக் கணக்கில் வராது.

ஆய்வகக்காரர்களுக்கு: 14 நாள் நாற்றின் இலை 100 மில்லிகிராம், 2% சிடேப் (செல்லை உடைத்து டிஎன்ஏவைப் பிரிக்கும் கரைசல்), 65 டிகிரியில் 45 நிமிடம். 260/280 அளவு (புரதக் கலப்பைக் காட்டும் ஒளி உறிஞ்சல் விகிதம்) 1.8, ஆனால் 260/230 (மாவுச்சத்து, உப்பு போன்ற கலப்பைக் காட்டுவது) வெறும் 1.1. பத்து மடங்கு நீர்க்கச் செய்தால்தான் பிசிஆரில் (டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை) பட்டை விழுகிறது; மாவுச்சத்து வகைதான் தடுக்கிறது போல. டிஎன்ஏவைத் திரள வைக்கும் ஐசோபுரோப்பனாலுக்கு முன் 5 மோலார் உப்புக் கரைசல் சேர்த்தவர்கள் எவ்வளவு சேர்த்தீர்கள்?