இம்ஜா சே சிகரம்: 11 நாள் திட்டம் போதுமா?

பனிப்பித்தன் கேட்கிறார்:
அக்டோபர் கடைசியில் நேபாளத்தின் இம்ஜா சே, அதாவது ஐலண்ட் பீக் ஏற எண்ணம். உயரம் 6,189 மீட்டர். இதற்கு முன் அன்னபூர்ணா அடிவார முகாம் (4,130 மீட்டர்) வரை போனதோடு சரி. கயிறு, கிராம்பான் (பனியில் வழுக்காதிருக்க பூட்ஸின் அடியில் மாட்டும் முள்தட்டு) எதையும் தொட்டதில்லை. ஒரு நிறுவனம் அனுப்பிய திட்டம்: லுக்லாவில் இறங்கி பாக்டிங், மறுநாள் நாம்சே, பிறகு தெங்போச்சே, திங்போச்சே, சுக்குங், அடிவார முகாம், ஏழாம் நாள் உச்சி. போக வர 11 நாள். மற்றவர்கள் 16 நாள் கேட்கிறார்கள். எனக்கு விடுப்பு கிடைப்பதோ குதிரைக்கொம்பு. இதில் போனால் ஆகாதா?

மேட்டுவழி:
ஆகாது. நாம்சே 3,440, தெங்போச்சே 3,860, திங்போச்சே 4,410, சுக்குங் 4,730, முகாம் 5,000க்கும் மேல். நடுவில் ஓய்வு நாள் ஒன்றுகூட இல்லை! 3,000 மீட்டரைத் தாண்டினால், தூங்கும் இடம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது; மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்கவேண்டும். நாம்சேயிலும் திங்போச்சேயிலும் ஒவ்வொரு நாள் கூட்டச் சொல்லுங்கள். அன்று போர்வைக்குள் கிடக்காமல், பகலில் மேலே நடந்துவிட்டுக் கீழே வந்து தூங்குங்கள். தலைவலியோடு குமட்டலும் வந்தால் மேலே போகவேண்டாம். நடை தள்ளாடினால் விடியும்வரை காத்திராமல் அப்போதே இறங்கிவிடுங்கள். உயர நோயைத் தடுக்கும் மாத்திரையான டயமாக்ஸ் வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். மாத்திரை போட்டு நாளைக் குறைக்க முடியாது.

கயிற்றுக்காரன்:
1953இல் எவரெஸ்ட் குழுவினர் பயிற்சிக்காக ஏறிய சிகரம் இது. இன்று ‘டிரெக்கிங் சிகரம்’ என்று பட்டியலிட்டிருப்பதால் நடந்தே ஏறிவிடலாம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உச்சிக்குக் கீழே செங்குத்தான பனிச்சுவர் இருக்கிறது. கட்டிவைத்த கயிற்றில் ஜூமார் (மேலே மட்டும் நகரும், கீழே வழுக்காத கைப்பிடி) மாட்டி ஏறவேண்டும். கயிறு பனியில் அறைந்திருக்கும் ஒவ்வோர் இடத்திலும் முதலில் பாதுகாப்புக் காராபினரை (இடுப்புப் பட்டையோடு இணைந்த, திறந்து மூடும் உலோக வளையம்) கழற்றி மேல்கயிற்றில் மாட்டவேண்டும். அதன் பிறகே ஜூமாரில் கை வைக்கவேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கயிற்றை விட்டு வரக்கூடாது. தடித்த கையுறையோடு, இருட்டில், இதைச் செய்து பழகுங்கள். முகாமில் ஷெர்பா சொல்லித்தரும் அரைநாள் பயிற்சி நினைவூட்டலுக்கு மட்டுமே உதவும்.

லுக்லா பயணி:
இரண்டு செய்திகள். அந்தப் பருவத்தில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் ராமேச்சாப்பின் மந்தலியிலிருந்து கிளம்பும். காத்மாண்டுவிலிருந்து நள்ளிரவில் ஜீப் ஏறவேண்டும். மேகம் இறங்கினால் அதுவும் பறக்காது, ஆகவே இரண்டு நாள் கையிருப்பு வையுங்கள். அடுத்தது காப்பீடு. சில திட்டங்கள் 6,000 மீட்டரோடு நின்றுவிடும். உங்கள் சிகரம் அதற்குச் சற்று மேலே! கயிறும் கிராம்பானும் பயன்படுத்தும் ஏற்றத்துக்கும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் பணம் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள்.

பனிப்பித்தன்:
நிறுவனத்திடம் பேசினேன். ஓய்வுக்கு இரண்டு, உச்சி ஏறும் நாளுக்கு மாற்றாக ஒன்று, விமானத்துக்கு இரண்டு என 16 நாளாக்க ஒப்புக்கொண்டார்கள். விடுப்புக்கு மேலாளரிடம் மல்லுக்கட்ட வேண்டும். பூட்ஸை சுக்குங்கில் வாடகைக்கு எடுக்கலாமா?

கயிற்றுக்காரன்:
கிடைக்கும், உங்கள் அளவில் கிடைக்குமா என்பதுதான் சிக்கல். காத்மாண்டுவின் தமேல் கடைத்தெருவிலேயே தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து எடுங்கள். கிராம்பானையும் அங்கேயே அந்த பூட்ஸில் மாட்டி, காலை உதறிப் பாருங்கள். ஆடினால் வேறு கேளுங்கள்.