பெங்களூரில் வாங்கும் பழைய காரைக் கிருஷ்ணகிரியில் ஓட்ட என்ன செய்ய வேண்டும்?

காவேரிப்பட்டினத்தான்:
வணக்கம். 2016-இல் பதிவான, கே.ஏ. எண் கொண்ட கார் ஒன்றைப் பெங்களூரில் ஒருவரிடம் விலை பேசி முடித்திருக்கிறேன். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டுத் தருவதாகவும், ஓராண்டு வரை அதே எண்ணில் ஓட்டலாம், பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் அவர் சொல்கிறார். காப்பீடு மார்ச் வரை அவர் பெயரில் இருக்கிறது. இது சட்டப்படி சரிதானா?

ஓசூர்வாசி:
அவர் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய எண் பெற வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. அந்த ஓராண்டு எண்ணுக்குத்தான், பெயருக்கு அல்ல. வாங்கியவர் 30 நாள்களுக்குள் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது 50-ஆம் பிரிவு.

முதலில், வண்டி பதிவான அலுவலகத்தில் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வாங்கித் தரச் சொல்லுங்கள். அந்தப் படிவத்தில், வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணின் மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த அச்சு இருக்க வேண்டும். அதை எடுக்கும்போது நீங்களும் உடனிருந்து ஆர்.சி.யோடு (பதிவுச் சான்று) எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுவிடுங்கள். தமிழ்நாட்டு ஆயுள் வரியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். கர்நாடகத்தில் கட்டிய வரியின் மீதியைத் திரும்பப் பெற அங்கேயே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பணம் கைக்கு வரும் வரை அதை நம்பிச் செலவு செய்யாதீர்கள்.

பாலக்கோட்டுக்காரன்:
உண்மையில் விற்பவர்தான் உங்களைவிட அதிகம் பயப்பட வேண்டும். என் மாமா கையெழுத்திட்ட படிவங்களை மட்டும் கொடுத்து வண்டியை அனுப்பிவிட்டார். அது இரண்டு கை மாறி விபத்தில் சிக்கியபோது, இழப்பீட்டு வழக்கின் அறிவிப்பு அவர் வீட்டுக்குத்தான் வந்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

காப்பீட்டில், மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோடு வந்துவிடும். ஆனால் 14 நாள்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்காவிட்டால், உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு பெறுவது கடினம்.

காவேரிப்பட்டினத்தான்:
இருவருக்கும் நன்றி. படிவம் 28 பற்றிக் கேட்டதும்தான், வங்கிக் கடனை அடைத்திருந்தாலும் ஆர்.சி.யில் அந்தக் கடன் பதிவு இன்னும் நீக்கப்படவில்லை என்கிறார் விற்பவர். கடன் முடிந்ததைத் தெரிவிக்கும் படிவம் 35-ஐயும் வங்கியின் கடிதத்தையும் வாங்கி அதை நீக்கிய பிறகு முன்பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.