ஒரே மனைப்பிரிவில் எல்லா வருவாய்ப் பிரிவினருக்கும் வீடு: நம் பகுதி மக்கள் ஆதரிக்கலாமா?

முகப்பேர்வாசி:
சென்னை முகப்பேரில் நம் பகுதியை ஒட்டிய காலி நிலத்தில் உயர், மத்திய, குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கும் பொருளாதாரத்தில் நலிவடைந்தோருக்கும் சேர்த்தே வீடுகள் கட்டப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அதை எதிர்த்துக் கையெழுத்து வாங்கும் மனு ஒன்றும் கடைத்தெருவில் சுற்றி வருகிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன், நாம் குடியிருக்கும் இந்த இடமே எப்படி உருவானது என்பதை நினைத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 1977இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களிலும், அதன் அடுத்த கட்டத்தில் முகப்பேரிலும், எல்லாப் பிரிவினருக்கும் ஒரே மனைப்பிரிவில்தான் இடம் ஒதுக்கப்பட்டது. சாலை, குடிநீர், கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றை அரசு அமைத்துக் கொடுத்தது. நலிவடைந்தோருக்குச் சிறு மனையும் கழிப்பறை போன்ற அடிப்படைக் கட்டுமானமும் தந்து, மீதி வீட்டை அவரவர் கையில் பணம் சேரச் சேரக் கட்டிக்கொள்ள விட்டது. பெரிய மனைகளையும் கடை மனைகளையும் சந்தை விலைக்கு விற்று வந்த பணமே சிறு மனைகளின் விலையைத் தாங்கியது. இன்று அந்தச் சிறு மனைத் தெருக்களில் நடந்து பாருங்கள்: கீழே அயர்ன் கடை, முதல் மாடியில் உரிமையாளர், அதற்கு மேல் வாடகைக் குடும்பம், படிக்கட்டு மிகவும் குறுகல் என்பதால் பீரோவைக் கயிறு கட்டித்தான் மேலே ஏற்றுகிறார்கள். இந்த வீடுகளில் குடியிருப்போர் இல்லாமல் நம் அடுக்குமாடிகளில் ஒரு நாள் வேலை நடக்குமா?

சங்கச் செயலர்:
அந்த மனுவை எழுதியவர்களில் நானும் ஒருவன். ஏழைகளுக்கு எதிரானவன் அல்லன் என்று தொடங்கினால் யாரும் நம்பப் போவதில்லை. ஆகவே நேராகக் கணக்குக்கு வருகிறேன். தனி வீடுகளுக்கென்று போட்ட கழிவுநீர்க் குழாயில்தான் இன்று அடுக்குமாடிகளின் கழிவுநீரும் போகிறது. ஐப்பசி மழைக்கு எங்கள் தெருவில் மேன்ஹோல் மூடி தானாகவே எழும்பிவிடுகிறது. கோடையில் லாரித் தண்ணீரை நம்பியே சம்ப்பை நிரப்புகிறோம். இந்த நிலையில் மேலும் சில நூறு குடும்பங்கள் வந்தால், அவர்கள் எந்த வருவாய்ப் பிரிவினராக இருந்தாலும், சுமை ஒன்றுதான். இன்னொன்றையும் முகப்பேர்வாசி சொல்லாமல் விட்டுவிட்டார். அந்தச் சிறு மனைகளை ஒதுக்கீடு பெற்றவர்களில் கணிசமானோர் விற்றுவிட்டுப் போய்விட்டனர். நிலத்தின் விலை ஏறியதும் ஏழை வெளியேறி நடுத்தர வர்க்கத்தார் வந்து அமர்ந்தால், கலந்து வாழ்தல் என்பது முதல் தலைமுறையோடு தீர்ந்துபோகும் ஏற்பாடுதானே?

முகப்பேர்வாசி:
விற்றவர்கள் விற்றார்கள் என்பதை மறுக்கவில்லை. விற்றவர் கையில் நல்ல விலை கிடைத்தது. வாங்கியவரும் பெரும்பாலும் பெரிய மனைக்கு வழியில்லாதவர். மனை சிறியதாக இருக்கும் வரை அந்தத் தெருவில் சிறு வாடகைக்கு ஒரு பகுதி கிடைக்கத்தான் செய்யும்.

கட்டுமானப் பொறியாளர்:
இருவரும் மனைப்பிரிவைப் பற்றிப் பேசுகிறீர்கள். இப்போது கட்டப்படுவது அடுக்குமாடி. அங்கே சிக்கல் வேறு. 2008இல் வந்த, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக்கான இரண்டாம் முழுமைத் திட்டத்தின் விதிகள், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் கட்டுவோர் அதில் 10 விழுக்காட்டைக் குறைந்த வருவாயினர் வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும் என்றன. ஆனால் அந்த வீடுகள் அதே வளாகத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, இரண்டு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் எங்கு இருந்தாலும் போதும் என்று வழியும் விட்டன. வழி இருக்கும்போது, நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் எந்த நிறுவனம் சிறு வீடு கட்டும்?

ஒரே வளாகத்தில் கட்டினாலும் சண்டை பராமரிப்புக் கட்டணத்தில் வந்து நிற்கும். லிஃப்ட், ஜெனரேட்டர், காவலாளி சம்பளம் எல்லாவற்றையும் ஒரே பொதுக்கணக்கில் போட்டு வசூலித்தால், 400 சதுர அடி வீட்டுக்காரர் ஆறு மாதத்தில் பாக்கி வைப்பார். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்திலேயே 'அந்த பிளாக்' என்ற பேச்சு தொடங்கிவிடும். ஆகவே சுற்றுச்சுவருக்குள் எல்லாரையும் அடைப்பதைவிட, உள்ளே வரும் சாலைகளை மாநகராட்சியிடம் ஒப்படைத்துப் பொதுத் தெருவாக்கி, ஒவ்வொரு பிளாக்கும் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும்படி விடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். தமிழ்நாடு வீட்டுவசதி வாரியத்தின் பழைய மனைப்பிரிவுகள் நிலைத்ததற்கு, அங்கே பொது கேட் இல்லாததும் ஒரு காரணம்.

பெரும்பாக்கத்திலிருந்து:
2015 டிசம்பர் வெள்ளம் வரை நாங்கள் அடையாற்றங்கரையில் இருந்தோம். அதன்பின் நகரின் நடுப்பகுதியிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் அப்பால் இங்கே வீடு தந்தார்கள். வீட்டைக் குறை சொல்லவில்லை. சுவர் உறுதி, கழிப்பறை உள்ளே இருக்கிறது. ஆனால் பழைய இடத்தில் நடந்தே போய் மூன்று வீடுகளில் வேலை பார்த்த என் மனைவி, இங்கிருந்து இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டியிருந்ததால் அவற்றில் இரண்டை விட்டுவிட்டார். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று இந்த மறுகுடியமர்வுக் குடியிருப்புகளின் முகவரி எழுதினாலே வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார்கள் என்று பிள்ளைகள் சொல்வது பொய்யன்று. ஆயிரக்கணக்கான குடும்பங்களை, எல்லாரும் ஒரே நிலையில் இருப்பவர்கள் என்பதற்காகவே ஓரிடத்தில் குவித்ததன் பலன் இது. செயலர் ஐயா கழிவுநீரைப் பற்றி எழுதினார். அந்தக் குழாய் எங்களுக்கும் சேர்த்துத்தான் அடைத்துக்கொள்ளும். அதைச் சரிசெய்யச் சொல்லி மனு எழுதினால் கையெழுத்துப் போட நாங்களும் வருவோம். எங்களை வேண்டாம் என்று எழுதினால், எங்கே போகச் சொல்கிறீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

சங்கச் செயலர்:
அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. மனுவின் வாசகத்தை மாற்றச் சங்கத்தில் பேசுகிறேன். 'திட்டம் வேண்டாம்' என்பதற்குப் பதிலாக, 'கழிவுநீரேற்று நிலையமும் கூடுதல் குடிநீர்க் குழாயும் முதலில் வரட்டும், வீடுகள் பிறகு வரட்டும்' என்று கேட்கலாம்.

முகப்பேர்வாசி:
'முதலில்' என்ற நிபந்தனை நம் ஊரில் எத்தனை ஆண்டு இழுக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அது மறுப்புக்கு மரியாதையான பெயர். குழாய் வேலையும் கட்டுமானமும் ஒரே ஒப்பந்தக் காலத்தில் நடக்க வேண்டும் என்றும், குழாய் இணைப்பு முடியாமல் பணி நிறைவுச் சான்று வழங்கக் கூடாது என்றும் கேளுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன்.

கட்டுமானப் பொறியாளர்:
பணி நிறைவுச் சான்றோடு பிணைப்பது சரியான பிடி. அதோடு, ஒதுக்கீடு பெற்றவர் குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்தால், செயலரின் இரண்டாவது கவலைக்கும் ஓரளவு விடை கிடைக்கும்.

பெரும்பாக்கத்திலிருந்து:
அந்த நிபந்தனை உயர் வருவாய்ப் பிரிவு வீட்டுக்காரருக்கும் உண்டா? மகள் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ பணம் வேண்டுமென்றால் அவர் விற்கலாம், நான் மட்டும் கூடாதென்றால், ஒரே தெருவில் இருவகைச் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவோம்.

கட்டுமானப் பொறியாளர்:
அவர் சந்தை விலை கொடுத்து வாங்குகிறார். உங்கள் வீட்டின் விலையில் பொதுப்பணம் கலந்திருக்கிறது. விற்கவே கூடாது என்று நானும் சொல்லவில்லை. இடையில் விற்பதானால் வாரியத்துக்கே விற்க வேண்டும், வாரியம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு அதைக் கொடுக்க வேண்டும் என்று வைக்கலாம்.

சங்கச் செயலர்:
வாரியம் என்ன விலைக்குத் திரும்ப வாங்கும் என்பது தெளிவாகாமல், அந்த வரியை மனுவில் சேர்க்கச் சங்கம் ஒப்பாது. பணி நிறைவுச் சான்றும் பொதுத் தெருவும் வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் பொருள்நிரலில் இடம்பெறும். அயலார் என்று யாரையும் தடுக்கப் போவதில்லை, பெரும்பாக்கத்து நண்பரும் வரலாம்.