கைவேலை நகை வாங்க வந்தவர்கள்: வடசென்னையிலிருந்து சில அனுபவங்கள்

பெரம்பூர்

பட்டு நூல் வளையல், சுடுமண் ஜிமிக்கி, மணிமாலை என்று வீட்டிலிருந்தபடியே செய்து விற்கும் பெண்கள் பெரம்பூர் தொடங்கி எண்ணூர் வரை தெருவுக்கு ஒருவராவது இருக்கிறோம். எப்படிச் செய்வது என்று சொல்லித்தர எத்தனையோ காணொளிகள் வந்துவிட்டன. ஆனால், வாங்க வந்தவர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு என்ன சொன்னார், அதைக் கேட்ட பிறகு நம் வேலையில் எது மாறியது என்பதை எவரும் பேசக் காணோம். லாபக் கணக்கை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். உங்கள் கைவேலையின் போக்கை மாற்றிய ஒரு வாடிக்கையாளரைப் பற்றி எழுதுங்கள்.

தண்டையார்பேட்டை

நான் செய்வது பட்டு நூல் வளையல். மருமகளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு என்று எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு பெரியம்மா வந்தார். அளவுக்காக ஒரு கண்ணாடி வளையலையும் கொண்டு வந்திருந்தார். அதை நான் வாங்கி அளவுகோலில் வைக்கப் போன நேரத்தில், "அது கல்யாணத்துக்குப் போட்டதும்மா. இப்ப அவ கை வீங்கியிருக்கு. வளையலப் பாக்காத, கையப் பாத்துச் செய்" என்றார். அடுத்த நாளே அவர் வீட்டுக்குப் போய் அந்தப் பெண்ணின் கையை அளந்தேன். அன்று முதல் 'ரெண்டு நாலு, ரெண்டு ஆறு' என்று வாய்மொழியாகச் சொல்லும் அளவை மட்டும் நம்பி நான் நூலைக் கையில் எடுப்பதில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 2.4 என்பது தசமக் கணக்கு அன்று. இரண்டு அங்குலமும் அதற்கு மேல் பதினாறில் நான்கு பங்கும் என்று பொருள், அதாவது வளையலின் உள்விட்டம் இரண்டேகால் அங்குலம், ஏறக்குறைய 57 மில்லிமீட்டர். 2.6 என்றால் 60, 2.8 என்றால் 63.5. ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் மூன்று மில்லிமீட்டர்தான் இடைவெளி. கட்டைவிரலைச் சுண்டுவிரல் பக்கம் மடக்கிக் கையைக் குவிக்கச் சொல்லி, மிக அகலமான இடத்தில் ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி அளந்தால் சுற்றளவு கிடைத்துவிடும்: 18 சென்டிமீட்டர் வந்தால் 2.4, 19 வந்தால் 2.6, 20 வந்தால் 2.8. அவ்வளவு எளிதாக மனத்தில் நிற்கும் கணக்கு இது.

கண்ணாடி வளையலுக்கு இது போதும், நூல் வளையலுக்குப் போதாது. இழைகளைச் சேர்த்துப் பட்டையாக்கிப் பசை தடவிச் சுற்றும்போது வளையலின் உள்பக்கமும் நூல் ஏறுவதால், விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை குறைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, கண்ணாடி வழுக்கிக்கொண்டு ஏறும் இடத்தில் நூல் தோலைப் பற்றிக்கொள்ளும்; கர்ப்பிணிகளின் வீங்கிய கையில் விரல் முட்டிகளைத் தாண்டி ஏறவே ஏறாது. ஆகவே வளைகாப்புப் பெண்ணுக்கு அளந்து வந்ததைவிட ஓர் அளவு கூட்டியே செய்கிறேன்.

இன்னொன்றையும் அந்தப் பெரியம்மாதான் தெளிவாக்கினார். சடங்குக்குக் கண்ணாடி வளையல்தான் வேண்டும், ஏனென்றால் வயிற்றுப் பிள்ளைக்குச் சத்தம் கேட்க வேண்டும். நூல் வளையல் வந்தவர்களுக்குக் கொடுப்பதற்கு. கண்ணாடி வளையலோடு போட்டிக்கு நிற்க வேண்டும் என்று நூல் வளையலில் கனமான கல்லும் தொங்கலும் வைத்துக்கொண்டிருப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

வியாசர்பாடி

நான் சுடுமண் நகை செய்கிறேன். கொசப்பேட்டையில் பிள்ளையார் சிலையும் கொலு பொம்மையும் செய்யும் வீடுகளில் ஒன்றிலிருந்து மண் வாங்கி வந்து, சலித்து, பிசைந்து, ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொள்வேன்.

ஒரு நவராத்திரிச் சந்தையில் நான் கடை போட்டிருந்தபோது பேத்தியோடு வந்த ஒரு பாட்டி, நிறத்தையோ வேலைப்பாட்டையோ பார்க்கவே இல்லை. ஒவ்வொரு ஜிமிக்கியையும் கொக்கியைப் பிடித்துத் தொங்கவிட்டு நகத்தால் சுண்டினார். கணீரென்று ஒலித்ததை இடப்பக்கமும், மந்தமாக ஒலித்ததை வலப்பக்கமும் வைத்துக்கொண்டே போனார். பிறகு இடப்பக்கத்தில் இருந்தவற்றில் ஒரு ஜோடியைப் பேத்தியின் காதருகே பிடித்து, "இது லேசா இருக்கு, சாயங்காலம் வரைக்கும் தாங்கும்" என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்தார். பானை செய்யும் குடும்பத்தில் பிறந்தவராம். நன்றாக வெந்த மண்தான் ஒலிக்கும் என்பது எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் வாங்குபவர் அதைச் சோதித்து நான் பார்த்தது அதுவே முதல் முறை. இப்போது வண்ணம் தீட்டுவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் சுண்டிப் பார்த்துப் பிரித்துவிடுகிறேன், ஏனென்றால் அக்ரிலிக் வண்ணம் ஏறிவிட்டால் எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும்.

எடையைப் பற்றியும் அவர் சொன்னது சரியே. கண்ணுக்கு எடுப்பாக இருக்கிறதென்று கெட்டியாக வார்த்த ஜிமிக்கியை வாங்கிப் போகிறவர் இரண்டாம் முறை வருவதில்லை. உள்ளே குடைந்து சுவரை மெல்லியதாக்கினால் எடை குறையும். ஆனால் மெல்லிய மண் காயும்போது சீக்கிரம் கோணிக்கொள்ளும். காய்ந்து வெந்து வெளிவருவதற்குள் அளவில் பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கவும் செய்யும் என்பதால், ஜோடியில் ஒன்று சிறுத்துப் போகாமல் இருக்க இரண்டையும் ஒரே உருண்டை மண்ணிலிருந்து ஒரே நாளில் செய்துவிட வேண்டும். நிழலில்தான் உலர்த்த வேண்டும். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் அது நெருப்பில் ஆவியாகி மண்ணை வெடித்துக்கொண்டு வெளியேறும். காற்றோட்டத்தில் சுட்டால் மண்ணிலுள்ள இரும்பு சிவந்து செங்கல் நிறம் வரும். காற்றுப் புகாமல் மூடிப் புகையில் சுட்டால் கறுப்பு வரும். கறுப்பு ஜிமிக்கியைச் சாயம் பூசியது என்று நினைப்பவர்களே அதிகம்.

இந்த ஊரில் இதற்குப் பெரிய இடைஞ்சல் பருவம்தான். நவராத்திரியும் தீபாவளியும் வரும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழையும் வந்து சேர்கிறது. விற்பனை கூடும் நாட்களில் மண் உலர மறுக்கிறது. கல்யாணம் இல்லாத ஆடியில் வியாபாரம் இல்லையே என்று சும்மா இருந்துவிடாமல் அந்த மாதத்தில்தான் பெரும்பகுதியைச் சுட்டு வைத்துக்கொள்கிறேன். மொட்டை மாடியில் உமி போட்டுச் சுடும் நாளைக் கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அவர்கள் துணி உலர்த்துகிற கொடியும் அங்கேதான் இருக்கிறது.

ராயபுரம்

என்னிடம் வந்தவர் ஒரு செவிலியர். எல்லோரும் "இதே மாதிரி பச்சையில இருக்கா அக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் கம்மலைத் திருப்பிப் பார்த்து, "கொக்கி என்ன உலோகம்?" என்று கேட்டார். காதில் அரிப்பும் நீர்க்கசிவுமாக வருகிற பெண்கள் பலரைப் பார்த்திருப்பதாகவும், அவர்களில் பலருக்கு நிக்கல்தான் ஆகவில்லை என்றும் சொன்னார். டைமெத்தில்கிளையாக்சைம் என்ற கரைசலைப் பஞ்சில் நனைத்து உலோகத்தில் தேய்த்தால், நிக்கல் வெளியேறுகிற இடத்தில் பஞ்சு இளஞ்சிவப்பாகும் என்பதையும் அவரிடம்தான் கேட்டறிந்தேன்.

இப்போது எல்லோரும் விரும்பி வாங்கும் ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளிகூடக் கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகிய மூன்றும் சேர்ந்த கலவை அது. பதக்கமாகத் தொங்குவதில் பெரும்பாலோருக்குத் தொல்லை இல்லை, காதின் துளைக்குள் போகும் கம்பி அதுவாக இருந்தால்தான் சிக்கல். ஒருமுறை நிக்கல் ஒவ்வாமை வந்துவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். 316எல் என்ற அறுவைச் சிகிச்சை எஃகிலும் நிக்கல் உண்டுதான். ஆனால் மேலே படியும் குரோமியம் ஆக்சைடுப் படலம் அதை எளிதில் வெளியே விடுவதில்லை. அதனால் வேலைப்பாடு எதுவாக இருந்தாலும் கொக்கியை மட்டும் இந்த எஃகில் போடுகிறேன், விலை கூடுவதற்கான காரணத்தையும் அட்டையிலேயே எழுதிவிடுகிறேன். காசிமேட்டுக் கடற்காற்றில் சாதாரணப் பித்தளைக் கொக்கி சீக்கிரமே கறுத்துப்போவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

புது வண்ணாரப்பேட்டை

என் அனுபவம் சிறியது. எம்.சி. ரோட்டில் புடவை எடுத்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்த ஒருவர், பொருத்தமான நூலை நான் எடுத்துக் காட்டியபோது, புடவையையும் நூல்கண்டையும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். குழல்விளக்கில் ஒன்றாகத் தெரிந்த மயில்கழுத்து நிறம் வெயிலில் இரண்டாகப் பிரிந்தது. ஒன்றில் பச்சை தூக்கல், மற்றதில் நீலம் தூக்கல். இப்போது மாலையில் வருபவர்களிடம் ஒரு துண்டு நூலை வெட்டிக் கொடுத்து, காலையில் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்கிறேன். புடவையை வாட்சப்பில் படமெடுத்து அனுப்பி நிறம் பொருத்தச் சொல்பவர்களுக்கும் இதே பதில்தான்.

திருவொற்றியூர்

என்னைத் தேடி வந்தவர் வாங்குவதற்காக வரவில்லை, விற்க வந்தார். சிறு தொழில் செய்பவர்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவுச் சான்றிதழை எடுத்துத் தருவதாகச் சொல்லிச் சில ஆயிரம் ரூபாய் கேட்டார். சான்றிதழ் இல்லாவிட்டால் கண்காட்சியில் விற்க முடியாது என்றும் பயமுறுத்தினார். 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் உத்யம் பதிவு, ஆதார் எண்ணைக் கொண்டு அரசின் இணையதளத்தில் நாமே செய்துகொள்ளக் கூடியது. அதற்குக் கட்டணமே கிடையாது. கவரிங் போன்ற நகைகளுக்கு ஜி.எஸ்.டி. 3 சதவீதம் என்பதையும் சொல்லிப் பயமுறுத்துவார்கள். ஆனால் தமிழ்நாட்டுக்குள் சரக்கு மட்டும் விற்கும் சிறு வியாபாரிக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. நம்மில் எவரும் அந்த உயரத்துக்கு அருகில்கூட இல்லை.

சுய உதவிக் குழுவில் இருப்பவர்களுக்கு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தும் கல்லூரிச் சந்தை நல்ல வாய்ப்பு. கல்லூரிப் பெண்கள் பேரம் பேசுவது குறைவு. சிறிய கம்மல்தான் போகும். முகூர்த்த செட்டைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

பெரம்பூர்

ராயபுரம் அக்காவுக்கு ஒரு கேள்வி. 316எல் கொக்கி என்று சொல்லிக் கொடுப்பதை உண்மையானது என்று கடையிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

ராயபுரம்

முழுமையாகக் கண்டுபிடிக்க முடியாது, கழித்துக்கட்ட மட்டும் முடியும். சௌகார்பேட்டை மொத்தக் கடைகளுக்குப் போகும்போது ஒரு சிறிய காந்தத்தைப் பையில் எடுத்துச் செல்கிறேன். காந்தத்தில் நன்றாக ஒட்டினால் அது பெரும்பாலும் முலாம் பூசிய இரும்பு, அப்படியே வைத்துவிடலாம். ஒட்டாதது எல்லாம் எஃகு என்று சொல்லிவிட முடியாது, பித்தளையும் ஒட்டாது. ஆகவே ஒரு ஜோடியை மட்டும் வாங்கி வந்து அரத்தால் லேசாகத் தேய்ப்பேன். மஞ்சள் நிறம் தெரிந்தால் உள்ளே பித்தளை. இரண்டையும் தாண்டினால்தான் அடுத்த முறை மொத்தமாக எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும்.